40 ஓவியங்களில் எந்த 15? இளங்கலை ஓவியப் படிப்புக்கான போர்ட்ஃபோலியோ

லேத்பட்டறை_கோவை (ஜூன் 11)

அனைவருக்கும் வணக்கம். கோவை கணபதியில் சிறிய லேத் (இரும்பைக் கடையும் இயந்திரம்) பட்டறை நடத்தி வருகிறேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்தே ஓவியப் போட்டிகளில் பரிசு வாங்கி வருபவள். ஓவியம்தான் படிப்பேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். நானும் அவள் அம்மாவும் இரண்டு மாதம் பேசிப் பேசி, கடைசியில் மனமொப்பிச் சம்மதித்துவிட்டோம். சென்னை, பரோடா ஆகிய இடங்களிலும், அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் பள்ளி ஆகிய இரண்டிலும் விண்ணப்பிக்க விரும்புகிறாள்.

அமெரிக்கக் கல்லூரிகள் போர்ட்ஃபோலியோ, அதாவது தேர்ந்தெடுத்த படைப்புகளின் தொகுப்பு, கேட்கின்றன. அவளிடம் 40 ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் 38 பென்சில் ஓவியங்கள். எல்லாம் நடிகர்கள், தலைவர்கள், கிரிக்கெட் வீரர்களின் முகங்கள். கைப்பேசியில் உள்ள படத்தின் மேல் கட்டம் போட்டு, தாளிலும் அதே கட்டத்தைப் போட்டு வரைந்தவை. அசல் புகைப்படம் போலவே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். மற்ற 2 தஞ்சாவூர் ஓவியங்கள். இந்த 40-இல் எந்த 15-ஐ, எந்த வரிசையில் அனுப்புவது என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். ஓவியத் துறை எனக்குப் பழக்கமில்லாதது. ஆகவே சற்று விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

எழும்பூர்_பழைய_மாணவர் (ஜூன் 11)

ஐயா, வணக்கம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து, இப்போது ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கல்லூரி அது. நான் சேர்ந்த காலத்தில் மாணவரை நேரில் உட்காரவைத்து, செயல்முறைத் தேர்வு நடத்தித்தான் இடம் கொடுத்தார்கள். எதிரே ஒரு குடம், மடிப்பு மடிப்பாக விழும் ஒரு துணி, நாலைந்து காய்கள் இருந்தன. கட்டம் போடுவதற்குக் கையில் படமே இல்லாத இடம் அது. என்னுடன் வந்திருந்த ஒருவர் முகங்களைத் தத்ரூபமாக வரையக்கூடியவர். அந்தக் குடத்தின் வாய் வட்டத்தை ஒரு மணி நேரம் அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. செயல்முறைத் தேர்வும் அமெரிக்கர்கள் கேட்கும் போர்ட்ஃபோலியோவும் வெவ்வேறு வழிகளாகத் தோன்றினாலும், இரண்டும் தேடுவது பெரும்பாலும் ஒன்றையேதான். எனவே எந்த 15 என்று பார்ப்பதற்கு முன், அந்த 40-இல் எதிரே இருக்கும் பொருளையோ மனிதரையோ பார்த்து வரைந்தவை எத்தனை என்று மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

லேத்பட்டறை_கோவை (ஜூன் 12)

கேட்டேன் ஐயா. ஒன்றும் இல்லை என்றாள். பிறகு வெகுநேரம் கழித்து வந்து, பத்தாம் வகுப்பு விடுமுறையில் பாட்டியின் கையை மட்டும் ஒரு நோட்டில் வரைந்ததாகச் சொன்னாள். விரல்கள் கோணலாக இருப்பதால் யாரிடமும் காட்டவில்லையாம்.

பிராவிடன்ஸ்_வாசி (ஜூன் 13)

ஐயா, நான் நீங்கள் குறிப்பிட்ட ரோட் ஐலண்ட் கல்லூரியில் படித்தவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே 12 முதல் 20 படைப்புகள் வரை கேட்கிறார்கள். சிகாகோவில் 10 முதல் 15. ஆகவே 15 என்று நீங்கள் சொன்ன எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த 38 முகங்களிலிருந்து 15-ஐ எடுத்து அனுப்பினால், எவ்வளவு நுட்பமாக வரைந்திருந்தாலும், தேர்வுக் குழுவினருக்கு உங்கள் மகளைப் பற்றித் தெரியவருவது மிகக் குறைவு. ஒரு புகைப்படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், முகம் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும், பின்னால் என்ன தெரிய வேண்டும், எந்த இடத்தில் படத்தை வெட்ட வேண்டும் என்பவற்றையெல்லாம் அந்தப் புகைப்படக்காரர் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார். ஓவியருக்கு மிஞ்சுவது சாம்பல் நிறத்தின் அளவைக் கணக்கிடும் வேலை மட்டுமே. அதற்குப் பொறுமை வேண்டும், மறுக்கவில்லை. ஆயினும் குழுவினர் தேடுவது தீர்மானங்களை. இந்தப் பெண் எதைப் பார்க்கத் தேர்ந்தெடுத்தாள், எங்கே நின்று பார்த்தாள், எதை விட்டுவிட்டாள் என்பதை.

இதற்குக் காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எந்தத் துறையை விரும்பி வந்தாலும் முதலாண்டு எல்லோருக்கும் பொது. டிராயிங், டிசைன், ஸ்பேஷியல் டைனமிக்ஸ் என்று மூன்று ஸ்டூடியோ வகுப்புகள். மூன்றாவது, முப்பரிமாணத்தில் கையால் கட்டிச் செய்வது. வரைவதற்கு 'நேச்சர் லேப்' என்ற ஓர் இடம் உண்டு. எட்னா லாரன்ஸ் என்ற ஆசிரியை 1937-இல் தொடங்கியது. எலும்புக்கூடுகள், சங்குகள், பாடம் செய்த பறவைகள், உலர்ந்த விதைகள் ஆகியவற்றை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு மாணவர்கள் மணிக்கணக்கில் வரைவார்கள். அங்கே வந்து உட்காரும்போது திகைத்து நிற்காதவரைத்தான் அவர்கள் போர்ட்ஃபோலியோவில் தேடுகிறார்கள்.

இன்னொன்று. அந்தக் கல்லூரி பல ஆண்டுகளாக விண்ணப்பதாரர் அனைவரையும் ஒரு சைக்கிளை வரைந்து அனுப்பச் சொல்லி வந்தது. இப்போது அந்த விதி இல்லை. ஆனால் அதைக் கேட்டதன் பொருள் இன்றும் மாறவில்லை என்று நினைக்கிறேன். சைக்கிளை எல்லோரும் தினமும் பார்க்கிறோம். வரைய உட்கார்ந்தால்தான் சங்கிலி எந்தப் பல்சக்கரத்திலிருந்து எதற்குப் போகிறது, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் எங்கே வளைகிறது என்பதைப் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது.

உங்கள் மகளுக்கு அமைந்திருக்கும் வாய்ப்பு என்னை உண்மையிலேயே மகிழ்விக்கிறது. அவளுடைய அப்பாவுக்கு லேத் பட்டறை இருக்கிறது! இந்த ஆறு மாதத்தில் அவள் அங்கே உட்கார்ந்து வரையட்டும். முழு அளவு கார்ட்ரிட்ஜ் தாள் (கெட்டியான வரைதாள்), சார்க்கோல் (வரைகரி), ஒரு பலகை போதும். இயந்திரத்தின் முழு உருவம் ஒன்று. அதில் ஒரு மூலை மட்டும் ஒன்று. இரவில் ஒற்றை விளக்கில் ஒன்று. வீட்டுக்குள் ஒரு முழு அறை, அதாவது சுவரும் தரையும் சந்திக்கும் இடங்களோடு. கண்ணாடியைப் பார்த்துத் தன் முகம். பட்டறையில் கழிவாக விழும் இரும்புச் சுருள்களை வைத்து ஏதேனும் ஒரு முப்பரிமாண வேலை. இவற்றைத் தவிர, விண்ணப்பதாரர் அனைவருக்கும் பொதுவான தலைப்பு ஒன்றைக் கொடுத்து, அதற்கென்றே ஒரு படைப்பைச் செய்யச் சொல்வார்கள். அதற்கு ஒரு மாதத்தைத் தனியாக ஒதுக்குங்கள். பாட்டியின் கை உள்ள நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

மாமல்லை_உளி (ஜூன் 13)

மேலே எழுதியவர்கள் அனுபவசாலிகள். அவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனால் நகல் செய்வதை இவ்வளவு எளிதாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் கற்றவன். எங்கள் மரபில் முதலில் அளவுதான். முகத்தின் நீளத்தை ஒரு தாளம் எனக் கொண்டு, உத்தம தச தாளம் என்ற பத்துத் தாள அளவில் உருவத்தை 124 கூறுகளாகப் பகுத்து, ஆசிரியர் வரைந்ததைப் பார்த்து மறுபடி மறுபடி வரைந்தோம். கையில் கோடு நின்ற பிறகுதான் உளி கைக்கு வந்தது. ஐந்து ஆண்டுகள் உழைத்து 38 முகங்கள் வரைந்த ஒரு பிள்ளையிடம், அவற்றில் ஒன்றும் தேறாது என்று சொல்வது சரியா? தஞ்சாவூர் ஓவியம் இரண்டும் என்ன ஆவது?

எழும்பூர்_பழைய_மாணவர் (ஜூன் 14)

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் செய்த நகலில் ஓர் இலக்கணம் இருந்தது. 124 கூறு என்ற அளவு மனத்தில் பதிந்தபின், ஆசிரியரின் தாள் இல்லாமலும் உங்களால் ஓர் உருவத்தை எழுப்ப முடியும். கைப்பேசிப் படத்தின் மேல் போடும் கட்டத்தில் அப்படி எதுவும் கைக்குச் சேர்வதில்லை. கட்டத்தை எடுத்துவிட்டால் அந்தப் பெண் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. என் மாணவர்கள் பலரிடம் இதை வருத்தத்துடன் பார்த்திருக்கிறேன்.

புகைப்படத்தைப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் கல்லூரியில் படித்த கே. எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டிக் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார். காந்தி மறைந்தபோது ஆதிமூலம் சிறுவன். நேரில் அமர்த்தி வரைந்திருக்க வழியே இல்லை. ஆயினும் அந்த ஓவியங்களில் ஓடும் கோடு எந்தப் புகைப்படத்திலும் கிடையாது. மெலிந்து, திடீரெனத் தடித்து, ஓரிடத்தில் அறுந்து, தோளை ஒரே இழுப்பில் முடித்துவிடும் அந்தக் கோடு முழுக்க அவருடையது. அந்த 38 முகங்களில் ஒன்றையாவது, கட்டம் இல்லாமல், மையும் மூங்கில் பேனாவும் கொண்டு மறுபடி வரைந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் ஓவியங்களைப் பொறுத்தவரை, பலகையில் துணி ஒட்டியது, சுண்ணாம்புப் பூச்சு, தங்கத் தகடு பதித்தது ஆகியவற்றை அவளே செய்திருந்தால் ஒன்றைச் சேர்க்கலாம். கடையில் வாங்கிய பலகையில் வண்ணம் மட்டும் தீட்டியிருந்தால் வேண்டாம்.

இரு_மகள்களின்_தாய் (ஜூன் 16)

ஐயா, போர்ட்ஃபோலியோ தயாரித்துத் தரும் பயிற்சி மையங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். என் மூத்த மகளை ஒரு மையத்தில் பெரும் தொகை கட்டிச் சேர்த்தோம். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மேசை, ஒரே கண்ணாடிப் புட்டி, ஒரே மண்டை ஓட்டுப் பொம்மை. ஆசிரியர் பக்கத்தில் வந்து, 'இப்படி' என்று சொல்லிக்கொண்டே கோட்டைத் திருத்துவார். கடைசியில் நிழலை அவரே போட்டு முடித்துவிடுவார். தொகுப்பு பார்க்க மிக அழகாக இருந்தது. காணொளி நேர்காணலில், 'இந்த ஓவியத்தில் பின்னணியை ஏன் இவ்வளவு இருட்டாக்கினாய்?' என்று கேட்டார்கள். இருட்டாக்கியது அவள் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் என் பெண் அமைதியாக உட்கார்ந்திருந்ததைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடம் கிடைக்கவில்லை. அதைவிட, ஏறக்குறைய ஓராண்டு அவள் பென்சிலைத் தொடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

இளையவளுக்கு மையம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வாரம் ஒருமுறை ஓர் ஓவியரிடம் போய், வரைந்ததைக் காட்டிவிட்டு வருவாள். அவர் தாளில் கை வைக்க மாட்டார், கேள்வி மட்டும் கேட்பார்.

லேத்பட்டறை_கோவை (ஜூலை 6)

வணக்கம். இது மகள் எழுதுவது. அப்பாவின் கணக்கிலிருந்தே எழுதுகிறேன். மூன்று வாரமாகப் பள்ளி முடிந்ததும் பட்டறைக்குப் போகிறேன். முதல் நாள் லேத்தின் 'சக்', அதாவது இரும்புத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் வட்டமான பகுதியை வரைந்தேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அந்த வட்டம் முட்டை வடிவமாகத் தெரிகிறது, அதைப் போட்டுவிட்டேன். ஆனால் இரும்பைக் கவ்வும் அதன் மூன்று தாடைகளும் அந்த முட்டை வடிவத்தில் சரியாக உட்காரவே இல்லை. நான்கு தாள் வீணான பிறகு அப்பா வந்து, மூன்றும் நடுப்புள்ளியை நோக்கித்தான் நகரும் என்று கையால் சுழற்றிக் காட்டினார். நடுப்புள்ளியை முதலில் குறித்துக்கொண்டு ஐந்தாவது தாளில் போட்டேன்; தாடைகள் உட்கார்ந்துவிட்டன. இத்தனை நாள் அது எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டதே இல்லை.

இரண்டு சந்தேகங்கள். வேலை செய்யும் அண்ணன்மார் ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்பதில்லை. அவர்களை எப்படி வரைவது? அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது; அதற்குள் எத்தனை முடிக்க வேண்டும்?

பிராவிடன்ஸ்_வாசி (ஜூலை 6)

உன் பதிவைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். அந்த வீணான நான்கு தாள்களையும் தேதி போட்டு எடுத்துவை. ஒரு படைப்பு உருவான வழியைக் காட்டும் பக்கங்களுக்கும் தொகுப்பில் இடம் உண்டு.

அசைகிறவர்களை நிறுத்த வேண்டாம். ஒரே தாளில் ஒருவரையே பத்துத் தடவை வரை; ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். லேத்தில் வேலை செய்பவர் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார். கைப்பிடியைச் சுழற்றுவார், குனிவார், வெர்னியர் அளவியால் அளப்பார், நிமிர்வார். அவர் குனியும்போது அந்த உருவத்தைத் தொடரு, நிமிர்ந்துவிட்டால் பக்கத்து உருவத்துக்குப் போ. முகம் வேண்டாம், முதுகின் வளைவும் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதும் போதும்.

நவம்பர் முடிவதற்குள் 25 கையில் இருக்கட்டும். அதிலிருந்து 15-ஐப் பொறுக்குவதற்கு ஒரு முழு வாரம் தேவைப்படும்.

லேத்பட்டறை_கோவை (ஆகஸ்ட் 20)

அப்பா எழுதுகிறேன். முன்கூட்டியே விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா? கல்விக் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலர் அளவில் இருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் என்னால் இயலாது.

பிராவிடன்ஸ்_வாசி (ஆகஸ்ட் 20)

வேண்டாம் ஐயா. 'எர்லி டிசிஷன்' என்பது இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்வேன் என்ற உறுதிமொழி. உதவித்தொகையை மற்ற கல்லூரியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். அதற்கு நவம்பர் தொடக்கத்திலேயே அனுப்பவும் வேண்டும். அந்த உறுதிமொழி இல்லாத வழக்கமான சுற்றிலேயே அனுப்புங்கள். சிகாகோவில் தகுதி உதவித்தொகையைத் தீர்மானிப்பதில் போர்ட்ஃபோலியோவுக்கு முக்கிய இடம் உண்டு. 'நேஷனல் போர்ட்ஃபோலியோ டே' என்ற நிகழ்வு இணையவழியிலும் நடக்கிறது. கல்லூரிப் பிரதிநிதிகளே ஓவியங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள், கட்டணம் கிடையாது. முன்பதிவு திறந்ததும் இடம் பிடித்துவிடுங்கள்.

நீர்வண்ணம் (அக்டோபர் 9)

படம் எடுப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை; எனவே சொல்கிறேன். குழு பார்ப்பது ஓவியத்தை அல்ல, அதன் புகைப்படத்தை. நல்ல ஓவியங்கள் மோசமான படத்தால் கெட்டுப்போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

காலை எட்டு ஒன்பது மணிக்கு, வெயில் நேரே விழாத திண்ணையில், தாளைச் சுவரில் செங்குத்தாக ஒட்டுங்கள். கைப்பேசியை ஓவியத்தின் நடு உயரத்தில் பிடித்து, கிட்டப் போகாமல் ஐந்தாறு அடி தள்ளி நின்று, கொஞ்சம் பெரிதாக்கி எடுங்கள்; கிட்டப் போனால் ஓரங்கள் வயிறு போலப் புடைக்கும். ஃப்ளாஷ் வேண்டாம். அடர்ந்த பென்சில் நிழல் பளபளக்கும். அப்போது தாளைச் சுவருக்குப் பதில் ஒரு பலகையில் ஒட்டி, வெளிச்சத்திலிருந்து சற்றே திருப்பினால் அது அடங்கும். தாளின் வெள்ளை நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் அதை மட்டும் சரிசெய்யுங்கள். கருமையைக் கூட்டி ஓவியத்தை அழகாக்க முயலாதீர்கள். விரல், சுவர், பலகை எதுவும் தெரியாமல் தாளின் ஓரம்வரை வெட்டுங்கள். சார்க்கோல் ஓவியங்களுக்கு ஃபிக்சட்டிவ் (கரி உதிராமல் இருக்கத் தெளிப்பது) அடிக்கும் முன்பே ஒரு படம் எடுத்துவையுங்கள். அடித்தபின் கருமை கொஞ்சம் மாறும். இரும்பு வேலையை மட்டும் மூன்று கோணத்தில் எடுங்கள், பக்கத்தில் வேறெதையும் வைக்காமல்.

லேத்பட்டறை_கோவை (டிசம்பர் 1)

மகள் எழுதுகிறேன். 27 முடிந்தன. பொறுக்கிய 15 இவை, படங்களையும் இணைத்திருக்கிறேன். முதலில் இரவில் ஒற்றை விளக்கில் லேத், முழுத்தாள் சார்க்கோல். அடுத்து சக்கும் தாடைகளும். அதே படத்தில் அதன் கீழே வீணான நான்கு தாள்களும். பிறகு வேலை செய்யும் அண்ணன்மார், இரண்டு பக்கங்கள். எங்கள் அடுப்படி, கிரைண்டரோடு. கண்ணாடியில் என் முகம், இரண்டு. இரண்டாவது மூங்கில் பேனாவில். கழிவுச் சுருள்களைக் கம்பியால் கட்டிச் செய்த தூக்கணாங்குருவிக் கூடு. எண்ணெய்த் துணிகள் தொங்கும் ஆணி, நீர்வண்ணத்தில். பட்டறைக்கு வெளியே நிற்கும் அப்பாவின் சைக்கிள். பாட்டி தூங்குவது, இரண்டு. நான் பலகை தயாரித்துச் செய்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்று. நடிகர் முகங்களில் ஒன்று. கடைசியாக, பத்தாம் வகுப்பில் வரைந்த பாட்டியின் கை.

பொதுத் தலைப்புக்கான படைப்பு தனியாக முடிந்துவிட்டது. இந்த வரிசை சரியா அக்கா?

மாமல்லை_உளி (டிசம்பர் 1)

மகளே, நடிகர் முகத்தை எடுத்துவிடு. ஜூன் மாதம் அதற்காக வாதாடியவன் நான்தான். மூங்கில் பேனாவில் நீ வரைந்த உன் முகத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தேன். அங்கே அதற்கு வேலை இல்லை. அந்தக் குருவிக் கூட்டின் முடிச்சுகள் சீராக இருக்கின்றன. சிற்பத்தையும் யோசித்துப் பார்.

பிராவிடன்ஸ்_வாசி (டிசம்பர் 2)

நானும் அதையே சொல்ல வந்தேன். இன்னொன்றையும் எடுத்துவிட வேண்டும். அது பாட்டியின் கை. அதைப் பத்திரமாக வைக்கச் சொன்னவளும் நான்தான் என்பதால் இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. உன்னை இந்த வழிக்குக் கொண்டுவந்த ஓவியம் அது. ஆனால் குழுவுக்கு அந்தக் கதை தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தூங்கும் பாட்டி இரண்டாவது ஓவியத்தில், போர்வைக்கு வெளியே கிடக்கும் அந்தக் கையை நீ இப்போது வரைந்திருக்கும் விதத்தைப் பார். மணிக்கட்டு எலும்பு எங்கே தோலைத் தூக்குகிறது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. பழையதைக் கடைசியில் வைத்தால், பார்ப்பவர்கள் உன்னைப் பத்தாம் வகுப்பிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

மிச்சம் 13. கடைசியில் தூங்கும் பாட்டி இரண்டாவதை வை. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவற்றை எழுது. தலைப்பு 'லேத், இரவு' என்பது போல எளிமையாக இருக்கட்டும். சைக்கிளின் படம் மட்டும் சாய்ந்திருக்கிறது. நாளைக் காலையில் மறுபடி எடுத்துவிடு.

லேத்பட்டறை_கோவை (டிசம்பர் 3)

எடுத்துவிட்டேன் அக்கா. பெடலுக்குப் பக்கத்தில் சங்கிலி ஓரிடத்தில் தவறாகப் போவதை அப்போதுதான் கவனித்தேன். சைக்கிளைத் திண்ணைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சைக்கிள் முழுவதையும் மறுபடி வரைகிறேன்.